திராட்சை மேலே வந்துவிட்டது

படகு துறையை விட்டு நகர்ந்த பிறகுதான் தைமி முதுகுப்பையைத் திறந்து எனக்கு அந்தப் பாட்டிலைக் காட்டினாள். இனி இறங்கவும் முடியாது, அதை வீட்டில் வைத்துவிட்டு வரவும் முடியாது.

"அத்தை, பாரேன். திராட்சை எல்லாம் மேல வந்துடுச்சு!"

ஒன்றரை லிட்டர் சோடா பாட்டில். அதன் கழுத்துவரை சிமா. மே தினம் வந்தால் ஹெல்சிங்கியில் இது இல்லாத வீடு கிடையாது. எலுமிச்சையையும் பழுப்புச் சர்க்கரையையும் வெந்நீரில் ஊறவைத்து, ஈஸ்ட் போட்டு, நாலைந்து உலர்ந்த திராட்சையையும் போட்டு மூடிவிடுவோம். திராட்சை அடியிலிருந்து எழும்பி மேலே மிதந்தால் குடிக்கலாம். பிள்ளைகள் குடிப்பார்கள், பாதிரியாரும் குடிப்பார். இதைப் போய் மது என்று யாரும் சொல்வதில்லை. ஊதிப் பார்க்கிற கருவி மட்டும் சொல்லும்.

அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவள். நான் பஸ் ஓட்டுகிறேன். கருவிக்குள் ஊதினால்தான் எங்கள் வண்டி கிளம்பும். போன மே தினத்தன்று டிப்போவில் யாரோ கொண்டுவந்த சிமாவை ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போய் ஊதினேன். வண்டி மாட்டேன் என்றுவிட்டது. ஏறி உட்கார்ந்திருந்த சனம் மொத்தமும் என்னைக் குடிகாரி மாதிரி பார்த்தது. மானம் கப்பலேறிவிட்டது.

இன்று மாலை ஊத வேண்டியவன் என் தம்பி லாஸ்ஸே, தைமியின் அப்பா.

சுவோமென்லின்னா தீவுக்கு வருகிற சுற்றுலாக்காரர்களில் பாதிப் பேருக்கு அங்கே ஒரு சிறை இருப்பதே தெரியாது. ஸ்வீடன்காரன் கடற்படைக்காகக் கட்டி, ரஷ்யாக்காரன் பிடித்து, கடைசியில் நாங்கள் மியூசியமும் காபிக்கடையும் வைத்துக்கொண்ட கோட்டை அது. பீரங்கிமேல் பிள்ளையை உட்காரவைத்துப் படம் பிடிப்பவர்கள், பக்கத்தில் கல்லுக்குச் சுண்ணாம்பு பூசுகிறவன் கைதி என்று நினைப்பார்களா? அது திறந்தவெளிச் சிறை. மதில் கிடையாது, இடுப்பளவு வேலிதான். பகலில் கோட்டைச் சுவரைப் பழுதுபார்ப்பார்கள், மாலையில் திரும்பி வந்து ஊதிக் காட்டுவார்கள். துளி காட்டினாலும் போச்சு. மறுபடி கரையிலிருக்கிற மூடிய சிறைக்குப் போக வேண்டும். ஜூன் கடைசியில், நடுக்கோடைத் திருநாளுக்கு வீட்டில் இருப்பான் என்று நாங்கள் காத்திருந்ததெல்லாம் காற்றில் போய்விடும்.

இதில் ஒன்றுமே தைமிக்குத் தெரியாது. அப்பா கோட்டையைச் சரிசெய்கிறார், வேலை முடியாமல் வர முடியாது என்று சொல்லி வைத்திருந்தேன். அவள் அம்மா ஸ்வீடனில் வேறு குடும்பம் ஆகிப்போனவள். பிள்ளைக்கு என்னையும் என் வாயையும் விட்டால் யார் இருக்கிறார்கள்?

"எப்படி செஞ்சே இத?" என்று கேட்டேன்.

"எல்லி வீட்ல. எல்லியோட அம்மா சொல்லிக் குடுத்தாங்க. ஈஸ்ட் நானே போட்டேன். அப்பாவுக்கு நுரை பிடிக்கும்ல, அதான் சொன்னதவிட நெறையவே போட்டேன்."

எல்லி அவள் தோழி. நான் பாட்டிலை அழுத்திப் பார்த்தேன், கல் மாதிரி இறுகியிருந்தது.

லாஸ்ஸே கெட்டவன் இல்லை. 'மாட்டேன்' என்ற சொல் அவன் வாயில் வராது, அவ்வளவுதான். யார் எதைக் கேட்டாலும் சரி என்பான். விபத்து நடந்த அன்றைக்கும் கோடைக் குடிலில் கூட்டாளிகள் குடித்துக்கொண்டிருந்தார்கள். சாசேஜ் தீர்ந்துபோச்சு, காரை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வா என்றார்கள். இவனும் குடித்திருந்தான். சரி என்று கிளம்பினான். பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்த ஒரு அம்மாவின் இடுப்பெலும்பு நொறுங்கியது. அவர் இன்னும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார். குடித்துவிட்டு ஓட்டி இவன் மாட்டியது அது இரண்டாவது தடவை. மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அப்படிப்பட்டவனிடம் அவன் மகள் தன் கையால் செய்ததை நீட்டினால் என்ன செய்வான்? எனக்குப் படகில் உட்கார முடியவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். காற்று காதை அறுத்தது. சுற்றிலும் வெள்ளைத் தொப்பி போட்ட மாணவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். பள்ளி இறுதித் தேர்வில் தேறினால் கிடைக்கிற தொப்பி. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அது இல்லை.

"பை கனக்கும். குடு, நான் தூக்கறேன்" என்று தைமியிடமிருந்து வாங்கிக்கொண்டேன். படகு தீவை ஒட்டியதும், பையை பெஞ்சுக்கு அடியில் காலால் தள்ளிவிட்டு, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினேன். பத்தடி போயிருக்க மாட்டோம்.

"ஏங்க! ஏங்க, உங்க பை!"

வெள்ளைத் தொப்பிக்காரன் ஒருவன் மூச்சிரைக்க ஓடிவந்தான். பையை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தான். எங்கள் ஊர்க்காரர்களின் நேர்மையை நான் அன்றுபோல் என்றுமே வெறுத்ததில்லை.

"ரொம்ப நன்றி" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஐயோ அத்தை, மறந்துட்டியா! இனிமே நானே வச்சுக்கறேன்" என்று தைமி பையைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

லாஸ்ஸே துறையில் நின்றிருந்தான். குடும்பத்தோடு தீவுக்குள் சுற்றி வர மாலைவரை அனுமதி. சுத்தமான ஜாக்கெட், வாரிய தலை. கை மட்டும் சுண்ணாம்பு பட்டு வெடித்திருந்தது. தைமி பாய்ந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "உனக்கு ஒண்ணு கொண்டு வந்திருக்கேன். இப்ப காட்ட மாட்டேன். சாப்பிடறப்பதான்" என்றாள்.

அவள் முன்னால் ஓடியதும் நான் அவன் சட்டையைப் பிடித்தேன். "சிமா செஞ்சு கொண்டு வந்திருக்காடா."

அவன் முகம் வெளுத்தது.

"சொல்லிடலாமேக்கா. எத்தன நாளைக்குத்தான்..."

"என்னத்த சொல்லுவ? மே தினமும் அதுவுமா, உங்கப்பன் ஜெயில்ல இருக்கான்னு சொல்லுவியா? வாயத் தொறந்தே, தொலைச்சுடுவேன். இன்னும் கொஞ்ச நாள். வெளிய வந்தப்புறம் நிதானமா சொல்லிக்கலாம்."

"சரிக்கா" என்றான் வழக்கம்போல. பிறகு மெதுவாக, "ஒரே ஒரு வாய் குடிச்சா காட்டாதுல்ல? அவ ஆசையா செஞ்சிருக்கா" என்றான்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இதே குரல்தான். ஒரே ஒரு வாய், பக்கத்துக் கடைதானே, அஞ்சே நிமிஷம். இந்தக் குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் என் தலை நரைத்தது.

"காட்டும்" என்றேன். "நீ ஒண்ணும் கிழிக்க வேணாம். பாட்டில நான் பாத்துக்கறேன்."

தைமிக்கு நீர்மூழ்கிக் கப்பலைப் பார்க்க வேண்டும். கரையில் ஏற்றி நிறுத்தியிருக்கிற போர்க்காலத்துக் கப்பல். உள்ளே இடம் குறுகல், பையை வெளியே வைக்கச் சொன்னார்கள். எனக்கு உயிர் வந்தது. பையை நானே வாங்கி, வழியை ஒட்டி, எவன் கண்ணிலும் படுகிற மாதிரி, வாய் திறந்தபடி வைத்தேன். பாட்டில் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. ஊரே குடிக்கிற நாள். தாகமெடுத்த ஒரு கழுதையாவது தூக்கிக்கொண்டு போகாதா?

உள்ளே இரும்பு வாடை. நான் இரண்டு குழாய்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தைமி சுவரோடு தொங்கிய படுக்கைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பா, இதுக்குள்ளயேதான் தூங்குவாங்களா? நெனச்சா வெளிய போக முடியாதா?"

"முடியாது. வேலை முடியறவரைக்கும் உள்ளதான்."

"உன்ன மாதிரியே" என்றாள் அவள்.

லாஸ்ஸே என்னைப் பார்த்தான். நான் குழாயைப் பார்த்தேன்.

வெளியே வந்தபோது பை வைத்த இடத்தில் இல்லை! எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. ஆனால் தைமியின் முகத்தைப் பார்த்தேன். கீழுதடு நடுங்க, வாயைத் திறந்து அழக்கூடத் தோன்றாமல் நின்றாள். என் சந்தோஷம் அரை நிமிஷம் தாங்கவில்லை. அதற்குள் டிக்கெட் கொடுக்கிற பெண் எட்டிப்பார்த்தாள்.

"உங்க பையா? உள்ள சிமா இருந்துச்சு, வெயில் பட்டா வெடிச்சிடும்னு நான்தான் நிழல்ல எடுத்து வச்சேன்."

"ஆண்டவர் உங்கள ஆசீர்வதிக்கட்டும்" என்றேன். அந்தக் குரலைக் கேட்டு அவள் கொஞ்சம் பின்வாங்கினாள்.

லாஸ்ஸே இந்த வசந்தத்தில் வேலை செய்த சுவர் தீவின் தென்கோடியில், கடலைப் பார்த்து இருக்கிறது. அதற்குக் கீழே புல்மேல் துணியை விரித்தோம். உருளைக்கிழங்கு சாலட், சாசேஜ், தேன்குழல் மாதிரி பிழிந்து பொரித்துச் சர்க்கரை தூவிய மே தினப் பலகாரம், ஃபிளாஸ்கில் காபி. யாருடைய பலூனோ கை தவறிக் கடல்மேல் போனது. மகளின் பையையும் என் முகத்தையும் லாஸ்ஸே மாறிமாறிப் பார்த்தான். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாய்ச்சவடால் விட்டவள் நான்தானே.

"கண்ண மூடுப்பா" என்றாள் தைமி.

அவன் மூடினான். அவள் பாட்டிலை எடுத்து நடுவில் வைத்தாள். பாட்டிலின் அடி உப்பி, நேராக நிற்காமல் ஆடியது.

"இப்ப தொற."

லாஸ்ஸே கண்ணைத் திறந்து பாட்டிலைப் பார்த்தான். "நீயா செஞ்சே?" என்றான். அவன் கை மெதுவாக அதை நோக்கிப் போயிற்று. தம்பியின் கையை எனக்குத் தெரியும். நான் அவனுக்கு முன் பாய்ந்தேன்.

"மூடி இறுகியிருக்கும், குடு, நான் தொறக்கறேன்."

அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு குலுக்குக் குலுக்கினேன். போதாதென்று இன்னும் இரண்டு. மூடியைத் திருகியதுதான் தெரியும். பீச்சியடித்தது பாருங்கள்! என் மூஞ்சி, கோட்டு, உருளைக்கிழங்கு, லாஸ்ஸேயின் ஜாக்கெட், எல்லாம் சிமா. தைமி கத்திக்கொண்டே வந்து பாட்டிலைப் பிடுங்கி, வாயை உள்ளங்கையால் பொத்தினாள். விரலிடுக்கில் நுரை வழிந்தது. அவள் விடவில்லை. நுரை அடங்கியதும் தூக்கிப் பார்த்தாள். அடியில் ஒரு டம்ளர் அளவுக்கு மிஞ்சியிருந்தது. பிடிவாதத்தில் அவள் என்னையே கொண்டிருக்கிறாள்.

"பரவால்ல" என்றாள், அழுகையை விழுங்கிக்கொண்டு. "எனக்கும் அத்தைக்கும் வேணாம். இது அப்பாவுக்கு மட்டும்."

டம்ளரில் ஊற்றினாள். திராட்சைகள் தொப்தொப்பென்று விழுந்தன. இரண்டு கையாலும் நீட்டினாள். நான் ஈரம் சொட்ட நின்றிருந்தேன். என்னிடம் இனி எந்தத் தந்திரமும் இல்லை.

லாஸ்ஸே டம்ளரை வாங்கினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். முடிந்தது, நடுக்கோடை போயிற்று என்று நினைத்தேன்.

"மாட்டேன், தைமி" என்றான்.

முதலில் யாரோ வேறு ஆள் பேசுகிறான் என்று தோன்றியது. அவன் டம்ளரைத் துணிமேல் வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஏன்? நான் செஞ்சதுப்பா."

"தெரியும்மா. நான் குடிக்கக் கூடாது. இன்னைக்கு சாயங்காலம் ஊதிக் காட்டணும். நான் வேலைக்குன்னு இங்க வரல. நான் ஜெயில்ல இருக்கேன். குடிச்சிட்டு கார் ஓட்டி ஒருத்தங்கள இடிச்சுட்டேன். அவங்களால இன்னும் சரியா நடக்க முடியல."

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான். ஆயுசில் முதல் தடவையாக என் பேச்சைக் கேட்காமல் ஒன்று செய்தான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

தைமி அழவில்லை. தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள்.

"அப்ப இது நீ கட்டலயா?"

"இது நான் செஞ்சதுதான். அது நெஜம். அந்த மூணு வரிசையும் என் கையால வச்சது."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அத்தை, உனக்குத் தெரியுமா?"

"அத்தை எனக்காகத்தான்..." என்று ஆரம்பித்தான் லாஸ்ஸே.

"நான் அத்தையக் கேட்டேன்."

"தெரியும்" என்றேன்.

"எல்லியோட அம்மாவுக்கு?"

"தெரியும்."

"டீச்சருக்கு?"

பள்ளியில் சொல்லி வைக்காமல் எப்படி? நான் தலையை மட்டும் அசைத்தேன்.

"நான் கிளாஸ்ல பேசினேனே" என்றாள். குரல் உடைந்தது. "எங்கப்பா கோட்டை கட்டுறாருன்னு படம் வரஞ்சு ஒட்டிப் பேசினேனே. டீச்சர் கைதட்டினாங்களே!"

அந்தப் படத்துக்கு நீலக் கலர் வாங்கிக் கொடுத்தவள் நான். பேசுவதற்கு முன் இரண்டு தரம் என்னிடம் சொல்லிப் பார்த்தாள், நானும் நன்றாயிருக்கிறது என்றேன். இப்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

லாஸ்ஸே அவளை இழுத்து அணைக்கவில்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். காற்றில் துணியின் ஓரம் படபடத்தது. டம்ளரை அவள் பக்கம் மெல்ல நகர்த்தினான்.

"நீ குடி தைமி. எப்படி இருக்குன்னு எனக்குச் சொல்லு."

அவள் முறைத்தாள். பிறகு டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"எலுமிச்சை ஜாஸ்தி."

"அப்புறம்?"

"மூக்குல ஏறுது. கடைசில கொஞ்சம் கசக்குது." இன்னொரு வாய். "திராட்சை கொழகொழன்னு இருக்கு. ஆனா நல்லா இருக்கு."

"நல்லாத்தான் இருக்கும்" என்றான் லாஸ்ஸே. கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். கண் கலங்கியிருந்தது. என் கண்ணும்தான், சொல்வதற்கென்ன.

மாலை வேலிக்கு வெளியே விடைபெறுவதுதான் வழக்கம். அங்கே அலுவலகம் இருக்கிறது என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். இன்று தைமி நிற்கவில்லை. "நான் பாக்கணும்" என்று வாசல்வரை வந்தாள். காவலர் துவோமோ எங்களைப் பார்த்தார், பிறகு லாஸ்ஸேயின் ஜாக்கெட்டை மோந்தார். அவர் முகம் மாறியது.

"என்ன லாஸ்ஸே இது?"

"என்மேல கொட்டிடுச்சு சார். குடிக்கல."

எத்தனை பேர் அவரிடம் அப்படிச் சொல்லியிருப்பார்களோ! துவோமோ கருவியை நீட்டினார். லாஸ்ஸே ஊதினான். அது சத்தம் போட்டு யோசித்தது. நான் கோட்டுப் பித்தானைத் திருகித் திருகி அது கையோடு வந்துவிட்டது. துவோமோ பார்த்தார். பிறகு குனிந்து கருவியைத் தைமிக்குக் காட்டினார்.

"பூஜ்யம்" என்று வாசித்தாள் அவள்.

"சிமா யாரு செஞ்சது?" என்றார் துவோமோ.

"நான்தான்."

"ஈஸ்ட் ஜாஸ்தியோ?"

"ஆமா" என்றாள் தைமி விறைப்பாக. லாஸ்ஸே சிரித்துவிட்டான். உள்ளே போகும்போது திரும்பிக் கையசைத்தான். அவளும் அசைத்தாள்.

திரும்புகிற படகில் அவள் எனக்கு எதிர்ப்பெஞ்சில், காலிப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெள்ளைத் தொப்பிகள் களைத்துத் தூங்கின. குளிருதா என்று கேட்டேன், ஜாக்கெட் ஜிப்பைத் தானே மேலே இழுத்துக்கொண்டாள். பசிக்குதா என்றேன், கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இவ்வளவு நாள் பொய் சொன்னபோது சரளமாக வந்த பேச்சு இப்போது ஒரு வரிகூட வரவில்லை. கோட்டில் சிமா காய்ந்து பிசுபிசுத்தது. எழுந்தேன், உட்கார்ந்தேன்.

நகரத்துத் துறை தெரிய ஆரம்பித்ததும் அவள் எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். மூடியைத் திருகிக் கழற்றி, பாட்டிலின் வாயை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஊது அத்தை."

"எதுக்குடி?"

"ஊது."

ஊதினேன். பாட்டில் கப்பல் மாதிரி 'பூம்' என்றது. அவள் சிரிக்கவில்லை. துவோமோ பார்த்த மாதிரியே பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடி, உள்ளே பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். தினம் தினம் ஊதுகிறவள் நான், என்றைக்கும் இப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை.

"பூஜ்யமா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றாள். மூடியைப் போட்டு இறுக்கித் திருகி, பாட்டிலைப் பைக்குள் பத்திரமாக வைத்தாள். "நாளைக்கு மறுபடி ஊதணும்."